அந்தப் பொம்பளைக்கு வீடு எங்கே?

ஜனவரி 10, 2025 – வெள்ளி

பொங்கல் கூட்டம். பெருங்களத்தூரைத் தாண்டுவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விட்டது. திருச்சிக்கு வந்து, பையைக் கீழே வைத்து, காபியில் வாய் வைக்கப்போனேன். அண்ணன் மகன் கதிர் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

"அத்தை, சினிமாவுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பிளாக் கேரக்டர் யாரு? யோசிக்காம டக்குனு சொல்லுங்க."

காலேஜ் இதழுக்கு ஏதோ எழுதுகிறானாம். அவனுடைய ஆள் யார் என்று கேட்கவே வேண்டாம்: 'பிளாக் பேந்தர்' டி'சாலாதான். 2020-ல் சாட்விக் போஸ்மன் இறந்தபோது இவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி சொல்லியிருக்கிறாள்.

எனக்கு டக்கென்று வந்தது ஒரு ஜோடிக் கால். 'டாம் அண்ட் ஜெர்ரி'யில் வருவாளே அந்தம்மா. தடித்த கால், சுருண்டு இறங்கிய காலுறை, கையில் துடைப்பம். "தாமஸ்!" என்று ஒரு கத்தல். 1940-ல் வந்த முதல் படத்திலிருந்து 1952 வரை அந்தக் கால் வந்துகொண்டே இருந்தது. குரல் லில்லியன் ராண்டால்ஃபுடையது.

"அவங்களுக்கு மூஞ்சியே கிடையாதே அத்தை!" என்று சிரித்தான்.

ஒரு தடவை உண்டு. 1950-ல் வந்த 'சாட்டர்டே ஈவினிங் புஸ்'. சனிக்கிழமை ராத்திரி நகையெல்லாம் போட்டுக்கொண்டு சிநேகிதிகளோடு சீட்டாடக் கிளம்புவாள். வீட்டில் பூனைகள் கூத்தடிக்கும். செய்தி தெரிந்து ஓடி வரும்போது கண் சிமிட்டும் நேரம் முகம் தெரியும். போனில் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். இருக்கிறது. முகத்தைவிட எனக்குப் பிடித்தது அந்தச் சீட்டாட்டம்தான். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் போக அவளுக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது. பிற்பாடு, 1960-களில், அமெரிக்க டிவிக்காக அவளை அழித்துவிட்டு ஒல்லியான வெள்ளைக்காரக் காலை வரைந்து ஒட்டினார்கள். அது வேறு கூத்து.

எங்கள் தலைமுறைக்கு இந்தக் காலும் பழைய ஹாலிவுட்டும் ஒரே சேனலில் வந்தவை. 1995-ல் கேபிளில் கார்ட்டூன் நெட்வொர்க் வந்தபோது நாள் முழுக்கப் பொம்மைப் படம் ஓடும். இருட்டிய பிறகு அதே சேனல் டி.என்.டி. ஆகிவிடும். அதன் முதலாளி டெட் டர்னர் 1986-ல் எம்.ஜி.எம்.மின் பழைய படக் களஞ்சியத்தை மொத்தமாக வாங்கியவர். வார்னரின் 1950-க்கு முந்தைய படங்களும் அதற்குள் அடக்கம். 'கான் வித் த விண்ட்', 'காசாபிளாங்கா' எல்லாம் அங்கிருந்து எங்கள் தெரு வரைக்கும் வந்தன. அப்பா செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்து தட்டோடு உட்காருவார். படுக்கச் சொல்லி யாரும் விரட்டாத வரை நானும் கூட உட்கார்ந்திருப்பேன்.

ஜனவரி 11 – சனி

'கான் வித் த விண்ட்'. கதிருக்காக நான் போட்ட பட்டியலில் முதலாவது. கிட்டத்தட்ட நாலு மணி நேரப் படம். மதியம் போட்டு, நடுவில் அம்மா மாவாட்டி, விளக்கேற்றி, முடிக்கும்போது ராத்திரி. அம்மாவுக்கு இங்கிலீஷ் ஓடாது. ஆனால் யார் யாரை மனசுக்குள் வைத்துக்கொண்டு யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்பது என்னைவிட அவளுக்கு முதலில் தெரிந்துவிடும்.

கதாநாயகி ஸ்கார்லெட்டின் வீட்டு வேலைக்காரி மாமிதான் படத்தின் உயிர். ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி ஸ்கார்லெட்டை அதட்டுவது, கட்டில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளின் இடுப்புக் கச்சையை இழுத்துக் கட்டிக்கொண்டே சாப்பிடச் சொல்லி மல்லுக்கு நிற்பது. அப்புறம் அந்தச் சிவப்புப் பாவாடை. ஸ்கார்லெட்டின் புருஷன் ரெட் பட்லர் வாங்கித் தந்த பட்டுப் பாவாடையை உடுத்தமாட்டேன் என்று வீம்பு பிடித்தவள், குழந்தை பிறந்த அன்றைக்கு உடுத்தியிருப்பாள். சரசரவென்று சத்தம் கேட்டு அவன் கேட்க, வெட்கமும் பெருமையுமாக ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவாள். அந்த ஒரு நொடிதான் அவள் தனக்காகச் செய்துகொள்வது. மற்றபடி படம் முழுக்க யாருக்காவது பால் காய்ச்சியாகிறது, யாருக்காவது அழுதாகிறது.

அம்மா கேட்டாள்: "ஏண்டி, அந்தப் பொம்பளைக்குப் புள்ளகுட்டி இல்லையா? வீடு வாசல் எங்க?"

"படத்துல சொல்லலம்மா."

"பேரு?"

அதுவும் இல்லை. 1936-ல் வந்த நாவலிலும் மாமிதான். 2014-ல் வேறொருவர் எழுதிய முன்கதை நாவலில்தான் ரூத் என்று ஒரு பெயர் வைத்தார்கள்.

ஹாட்டி மெக்டானியல் இந்த வேடத்துக்காகத்தான் ஆஸ்கர் வாங்கினார். கறுப்பினத்தவர் ஒருவருக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர். 1940 பிப்ரவரி 29, லாஸ் ஏஞ்சல்ஸ் அம்பாசிடர் ஹோட்டல். கறுப்பர்களை உள்ளே விடாத ஹோட்டல் அது. தயாரிப்பாளர் செல்ஸ்னிக் தனியாகக் கேட்டுக்கொண்டதால் விட்டார்கள். படக்குழு ஒரு மேஜையில், இவர் சுவரோரம் தனி மேஜையில். அதற்கு இரண்டு மாதம் முன்பு அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு அவரால் போகவே முடியவில்லை. இவ்வளவு போதாதென்று, கறுப்பின உரிமைச் சங்கத்தின் வால்டர் வைட் போன்றவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து இவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், எப்போது பார்த்தாலும் வேலைக்காரி வேஷமா என்று. அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சிவப்புப் பாவாடை ஓரத்தைத் தூக்கிய விரல்களைப் பார்த்தால், அந்த வேஷத்துக்குள் அவர் என்னவெல்லாம் கடத்திக் கொண்டுவந்தார் என்று தெரிகிறது. அவர் விருதை ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்தார். அது அங்கிருந்து காணாமல் போனது. 2023-ல்தான் மாற்று விருது ஒன்றை ஆஸ்கர்காரர்கள் கொடுத்தார்கள்.

ஜனவரி 12 – ஞாயிறு

'காசாபிளாங்கா'. இது அப்பாவுக்குப் பிடித்த படம். அவர் ஹம்ஃப்ரி போகார்ட்டைப் பார்ப்பார். நான் பியானோக்காரர் சாமைப் பார்ப்பேன்.

டூலி வில்சனுக்கு பியானோ வாசிக்கத் தெரியாது. தொழில்முறை டிரம்மர். எலியட் கார்பென்டர் என்பவர் கேமராவுக்கு வெளியே வாசிக்க, அவர் கையைப் பார்த்து இவர் கையை அசைத்தாராம். அது தெரிந்த பிறகு விரல்களையே கவனிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. இன்றைக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இல்சா உள்ளே வந்ததும் பியானோ வாசிக்கிற அந்தப் 'பையன்' யார் என்று கேட்பாள். படம் வந்த 1942-ல் டூலி வில்சனுக்கு வயது 56. இல்சாவாக நடித்த இங்க்ரிட் பெர்க்மனுக்கு அப்பா வயது. கதிர் இந்த இடத்தில் படத்தை நிறுத்தி ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அம்மாவுக்குக் கேட்கவில்லை.

பக்கத்துக் கடைக்காரர் ஃபெராரி சாமை விலைக்குக் கேட்பார். மனுஷரை வாங்குவதுமில்லை விற்பதுமில்லை என்று சாமின் முதலாளி ரிக், அதாவது போகார்ட், சொல்லிவிடுவான். சாமிடமே கேட்கும்போது, இங்கே சம்பாதிக்கிறதைச் செலவழிக்கவே எனக்கு நேரமில்லை என்பார். அந்தப் பதிலில் ஒரு மனுஷன் இருக்கிறார். கடைசியில் ரிக் கடையை விற்கும்போது, லாபத்தில் சாமுக்கு 25 சதவீதம், அது அப்படியே தொடரணும் என்பான். ஃபெராரி சிரித்துக்கொண்டே, அவனுக்குப் பத்துதான் என்று எனக்குத் தெரியும், ஆனால் இருபத்தைந்துக்குத் தகுந்தவன்தான் என்பார். ரிக் விமான நிலையத்துக்குப் போகிறான், பனிமூட்டம், புது நட்பு, எல்லாம் ஆகிறது. சாம்? கடையோடு கைமாறியாகிவிட்டது. பாரிஸிலிருந்து கூடவே வந்தவரிடம் ரிக் போய்வருகிறேன் என்று சொன்னதாகக்கூடக் காட்சி இல்லை. ஐம்பது பேர் ஐம்பது விதமாகப் புகழ்கிற முடிவு அது. எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் கணக்கு இடிக்கும்.

ஜனவரி 13 – திங்கள், போகி

விடியற்காலையிலேயே டயர் புகை. கண் எரிகிறது, படம் கிடையாது.

அண்ணன் மட்டும் டீ குடிக்கும்போது தன் ஓட்டைப் போட்டான்: 'என்டர் த டிராகன்' வில்லியம்ஸ். அவன் தலைமுறைப் பையன்கள் எல்லாரும் ப்ரூஸ் லீ ஆக ஆசைப்பட்டபோது இவன் வில்லியம்ஸாக நடித்த ஜிம் கெல்லி மாதிரி முடி வளர்த்து அப்பாவிடம் அடி வாங்கியவன். "பாதியிலயே கொன்னுட்டாங்கடா அவனை" என்று இன்னும் குறைப்பட்டுக்கொள்கிறான். 1973 படம், ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கவனித்துப் பார்த்தால் அவன் சொல்வது சரிதான். மூன்று வீரர்கள் தீவுக்குப் போகிறார்கள், வெள்ளைக்காரன் ரோப்பரும் லீயும் மிஞ்சுகிறார்கள்.

ஜனவரி 14 – செவ்வாய்

பொங்கல். எழுத நேரமில்லை. கதிர் என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வேலைக்காரங்களாவே இருக்காங்களே அத்தை" என்றான். சுருக்கென்றது.

ஜனவரி 15 – புதன், மாட்டுப் பொங்கல்

அவனுக்குப் பதிலாக இன்றைக்கு 'இமிடேஷன் ஆஃப் லைஃப்', இரண்டையும். ஃபேனி ஹர்ஸ்டின் 1933 நாவல்; ஜான் ஸ்டால் 1934-ல் எடுத்தார், டக்ளஸ் சர்க் 1959-ல் எடுத்தார். வேலைக்காரிகள்தான், இருக்கட்டும்.

முதல் படத்தில் டிலைலா. நடித்தவர் லூயிஸ் பீவர்ஸ். அவள் கைப்பக்குவத்தில் வந்த பான்கேக் மாவை வைத்து எஜமானி பீ பெரிய கம்பெனி ஆரம்பிக்கிறாள். டிலைலாவின் சிரித்த முகம் டப்பா மேல். பணம் கொட்ட ஆரம்பித்ததும் உனக்கு 20 சதவீதம், இனி உனக்குச் சொந்தமாகக் கார், சொந்தமாக வீடு என்கிறாள் பீ. டிலைலா பதறிப் போகிறாள். சொந்த வீடா, என்னைத் துரத்திவிடப் பார்க்கிறீர்களா என்கிறாள். இங்கேயே இருந்துவிடுகிறேன் என்கிறாள்.

இந்த இடத்தில் அம்மா ரிமோட்டை வாங்கி நிறுத்தினாள். "இதை எழுதினவன் எவன்? தனக்குன்னு ஒரு வீடு வேணாம்னு சொல்ற பொம்பளை எந்த ஊர்ல இருக்கா?"

அதற்கு மேல் விமர்சனம் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் கேமராவுக்கு டிலைலாவை எழுதியவரைவிடக் கொஞ்சம் கூடத் தெரிந்திருக்கிறது. பெரிய பங்களா வந்த பிறகு ஒரு ராத்திரி இரண்டு பெண்களும் பேசி முடித்துவிட்டுப் படுக்கப் போகிறார்கள். மாடிப்படி. பீ மேலே ஏறுகிறாள். டிலைலா அதே படிக்கட்டில் கீழே இறங்குகிறாள், அடித்தளத்து அறைக்கு. வசனமில்லை. டப்பா முழுக்க அவள் முகம், படுக்கை மட்டும் தரைக்குக் கீழே. வெளுத்த நிறத்தில் பிறந்து வெள்ளைக்காரியாக வாழ ஓடுகிற மகள் பியோலாவாக நடித்த ஃப்ரெடி வாஷிங்டன் நிஜ வாழ்க்கையில் அந்த மாதிரி ஓட மறுத்தவர் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

1959 படத்தில் அவள் பெயர் ஆனி. ஜுவானிட்டா மோர். பான்கேக் இல்லை, லானா டர்னர் நடிக்கும் எஜமானி லோரா நடிகையாகிறாள், ஆனி வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு தடவை ஆனியின் சிநேகிதர்களைப் பற்றிப் பேச்சு வருகிறது. உனக்கு இத்தனை சிநேகிதர்கள் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லையே என்கிறாள் லோரா. ஆனி மெதுவாக, நிறையப் பேர் இருக்கிறார்கள், பாப்டிஸ்ட் சர்ச்சில் இருக்கிறேன், சங்கங்களில் இருக்கிறேன், நீங்கள் கேட்கவே இல்லையே என்கிறாள். குத்திக்காட்டவில்லை. ஒரு தகவலைச் சொல்கிற குரல். பத்து வருஷத்துக்கு மேல் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவளிடம்.

அப்புறம் அந்தச் சாவு ஊர்வலம். சர்ச் நிறைய ஜனம், மஹாலியா ஜாக்ஸன் எழுந்து பாடுகிறார், வெள்ளைக் குதிரைகள், பேண்டு வாத்தியம், தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள். இரண்டு மணி நேரப் படத்தில் இவர்களில் ஒருவரையும் நமக்குக் காட்டவில்லை. இத்தனை பேரும் எங்கே இருந்தார்கள்? லீவு கிடைத்த வியாழக்கிழமை மதியங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆனி எங்கே போனாளோ அங்கே. சர்க் ஜெர்மனியிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்தவர். கண்ணீர்ப் படம் எடுக்கிற சாக்கில் எத்தனை பேரைக் குத்தினார் என்று ஹாலிவுட்டுக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

கதிர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றான்.

ஜனவரி 16 – வியாழன், காணும் பொங்கல்

எல்லாரும் முக்கொம்பு போய்விட்டு வந்து களைத்துப் படுத்தார்கள். நானும் கதிரும் 'இன் த ஹீட் ஆஃப் த நைட்'. 1967. இது அவனுக்காக.

சிட்னி போய்ட்டியே ரயிலுக்காகக் காத்திருக்கிறார். நல்ல சூட், கையில் பெட்டி. ஊரில் கொலை, கறுப்பர், பர்ஸில் பணம், வேறென்ன வேண்டும், பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஸ்டேஷனில் வைத்துத்தான் தெரிகிறது, அவர் பிலடெல்பியா போலீஸ் அதிகாரி என்று. வாரச் சம்பளம் 162 டாலர் 39 சென்ட். அந்த 39 சென்ட்டையும் விடாமல் சொல்லுவார். ஊர் போலீஸ் தலைவராக வரும் ராட் ஸ்டைகருக்கு அதைக் கேட்டதும் வயிறு எரியும்.

கதை மிசிசிப்பியில். ஆனால் தெற்கே போய்த் தங்கிப் படப்பிடிப்பு நடத்த போய்ட்டியே ஒப்பவில்லை, அவருக்கு அங்கே உயிர் பயம் இருந்தது. பெரும்பகுதியை இல்லினாய் மாநிலத்தில் எடுத்தார்கள். பருத்தித் தோட்டக் காட்சிகளுக்காக மட்டும் டென்னஸி போனார்கள்.

அறைகிற காட்சிதான் எல்லாரும் பேசுவது. தோட்ட முதலாளி எண்டிகாட்டின் கண்ணாடிப் பூக்கூடம். ஆர்க்கிட் செடிகளைப் பற்றி இருவரும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள். கறுப்பர்களையும் இந்தச் செடிகளைப் போலத்தான் ஊட்டி வளர்க்கவேண்டும் என்கிறார் முதலாளி. போய்ட்டியே விசாரணைக் கேள்விக்கு வருகிறார். முதலாளி ஓங்கி ஒரு அறை. அடுத்த நொடியே இவர் திருப்பி ஒன்று. யோசித்து அடித்த அறை இல்லை, கை தானாகப் போனது. கதிர் விசிலடித்து அம்மாவை எழுப்பிவிட்டான்.

நான் அந்தக் காட்சியில் மூன்றாவது ஆளைப் பார்க்கச் சொன்னேன். பின்னால் எலுமிச்சை ஜூஸ் தட்டோடு ஒரு வயதான பட்லர் நிற்கிறார். தலையை லேசாக ஆட்டுகிறார். ஜெஸ்டர் ஹேர்ஸ்டன், 1901-ல் பிறந்தவர், அடிமைகளின் பேரன், ஜூலியார்டில் படித்த இசைக்காரர். 'லிலீஸ் ஆஃப் த ஃபீல்ட்' படத்தில் போய்ட்டியே கன்னிகாஸ்திரீகளுக்கு ஒரு பாட்டுச் சொல்லித் தருவாரே, அந்தப் பாட்டை அமைத்ததும் போய்ட்டியேவின் வாய்க்குள்ளிருந்து பாடியதும் இவர்தான். போய்ட்டியேவுக்குச் சுருதி நிற்காது. அந்தப் படத்துக்குத்தான் போய்ட்டியே ஆஸ்கர் வாங்கினார். குரல் கொடுத்தவர் நாலு வருஷம் கழித்து இங்கே தட்டேந்தி நிற்கிறார். போய்ட்டியே காரில் ஏறிப் போய்விடுவார். பட்லர் அந்த முதலாளியோடு அதே வீட்டில்தான் மாலை வரைக்கும் இருந்தாகவேண்டும்.

"நீங்க ஹீரோவையே பார்க்க மாட்டீங்களா அத்தை?" என்றான்.

பார்க்கிறேன். 1968-ல் இந்தப் படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய விழா, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதால் இரண்டு நாள் தள்ளிப்போனது. அந்த வருஷத்தில் அந்த அறை எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்கும் தெரியும்.

ஜனவரி 17 – வெள்ளி

ராத்திரி கதிர் தனியாக உட்கார்ந்து 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' பார்த்திருக்கிறான். காலையில் முகம் வீங்கியிருந்தது. பேய்க்குப் பயந்து இல்லை. விடிய விடியச் சமாளித்து உயிரோடு மிஞ்சிய ஒரே ஆள் பென். காலையில் காப்பாற்ற வந்த கூட்டம் அவரையும் நடமாடும் பிணமென்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸை இயக்குநர் ரொமேரோ நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லையாம். ஆனால் 1968-ல் அந்த முடிவைப் பார்த்தவர்கள் நிறம் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

ஜனவரி 18 – சனி

'கிளாடின்', 1974. இதை இவர்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஒரு வாரமாக அம்மா கேட்கும் கேள்விக்கு என்னிடம் உள்ள ஒரே படம் என்பதால் கடைசிக்கு வைத்திருந்தேன்.

கிளாடினும் வீட்டு வேலைதான் செய்கிறாள். ஆனால் கேமரா அவளோடு பஸ் ஏறி ஹார்லெமுக்கு வந்துவிடுகிறது. ஆறு பிள்ளைகள். சின்ன ஃபிளாட். வேலை பார்க்கிற வீட்டில் அவளைப் பார்த்து மயங்குகிற குப்பை லாரிக்காரன் ரூப் – ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். டார்த் வேடரின் குரல்தான் இது என்றதும் கதிர் நிமிர்ந்து உட்கார்ந்தான். நாலு மாதத்துக்கு முன்னால்தான் செத்துப்போனார்.

அரசு உதவித்தொகை வாங்குகிற குடும்பம். விசாரணைக்கு வருகிற அம்மாள் கதவைத் தட்டினதும் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் ஓடி டோஸ்டர், இஸ்திரிப் பெட்டி என்று ஒவ்வொன்றாக ஒளித்துவைக்கிறார்கள். பழகின வேகம், ஒருத்தரும் சொல்லவேண்டியதில்லை. வீட்டில் புதுப் பொருள் இருந்தால் தொகையில் கைவைப்பார்கள். ஆம்பளை இருந்தால் இன்னும் மோசம். ரூப் சின்னதாக ஏதாவது வாங்கி வந்தாலும் வருமானமாகி விடுகிறது. கல்யாணம் பண்ணிக்கொண்டால் மொத்தச் சுமையும் அவன் தலையில், பண்ணிக்கொள்ளாவிட்டால் திருட்டுத்தனம். காதலைக் காகிதம் போட்டு நெறிப்பதை இவ்வளவு சிரிப்பும் கோபமுமாக எடுத்த படம் எனக்கு வேறு தெரியாது. இயக்கிய ஜான் பெர்ரி, கம்யூனிஸ்டு என்று ஹாலிவுட் ஒதுக்கிவைத்தவர்.

அம்மா நடுவில் கேட்டாள்: "அந்த வெள்ளைக்காரம்மாவுக்குப் பிள்ளைங்க எத்தனை?"

யோசித்துப் பார்த்தேன். எஜமானி சில நிமிஷம் வந்து போகிறாள், அவ்வளவுதான். அவள் கதை நமக்குத் தெரியாது. "படத்துல சொல்லலம்மா" என்றேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முடிவில் கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்போது மூத்த பையனைத் துரத்திக்கொண்டு போலீஸ் உள்ளே வர, அடிதடியாகி, மணமக்கள் பிள்ளைகள் எல்லாருமே போலீஸ் வண்டிக்குள். இது சந்தோஷமான முடிவா இல்லையா என்று கதிருக்கும் அண்ணிக்கும் சண்டை. கிளாடினாக நடித்த டயான் கேரல் இதற்கு முன்னால் 'ஜூலியா' என்ற டிவி தொடரில் நர்ஸாக நடித்து, ரொம்ப சொகுசாக இருக்கிறாள், நிஜக் கறுப்பினப் பெண் மாதிரி இல்லை என்று பேச்சு வாங்கியவர். இந்த வேஷம் அவருக்கு வந்ததே வேறொருவரால். முதலில் நடிக்க இருந்தவர் டயானா சாண்ட்ஸ். புற்றுநோய் முற்றியதும் என் சிநேகிதியைப் போடுங்கள் என்று இவரைக் கைகாட்டிவிட்டு, படம் வெளிவருவதற்கு முன்பே போய்விட்டார்.

"அவங்க வேற எதுல நடிச்சிருக்காங்க?" என்றான் கதிர்.

'எ ரெய்சின் இன் த சன்', 1961. லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் நாடகம். டாக்டராக ஆசைப்படும் தங்கை பெனீதா, அவள்தான் டயானா சாண்ட்ஸ். அண்ணன் போய்ட்டியே. அம்மாவும் மருமகளும் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்கிறவர்கள், இன்ஷூரன்ஸில் வந்த 10,000 டாலரை வைத்து ஒரு வீடு வாங்கப் பார்க்கிறார்கள்.

சொல்லி முடிப்பதற்குள் தேடிப் போட்டுவிட்டான். மணி பதினொன்று. காலையில் எனக்கு பஸ். அம்மா கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டு, "வீடு கிடைச்சுதா இல்லையா, அதை மட்டும் முதல்ல சொல்லு" என்கிறாள். சொல்லமாட்டேன் என்றிருக்கிறேன்.